காமரங்காய்ச் சாற்றில் நீ எழுதாமல் விட்டது

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். கோபத்தில் வைத்ததாக நினைத்திருப்பாய். கோபமில்லை. நீ கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் அப்படியே பதில் சொல்லியிருந்தால் நீ நடுவில் குறுக்கிட்டு விளக்கம் கொடுத்திருப்பாய். உன் விளக்கங்கள் எப்போதும் சரியாகத்தான் இருக்கும். கடைசியில் ஒன்றும் புரியாதவள் மாதிரி நான்தான் நிற்பேன். அதனால் எழுதுகிறேன். எழுதினால் நீ முடிவுவரை கேட்டுத்தான் ஆக வேண்டும். முதலில் நீ கேட்டது, மேற்படிப்புக்கு வெளிநாடு புறப்படுவதற்கு முன் பதுளைக்கு வந்து என் காலில் விழுந்துவிட்டுப் போகலாமா என்று. இரண்டாவதை அழுதுகொண்டே கேட்டாய்: "அப்பாகிட்ட ஏம்மா சொன்னீங்க? சொல்லாம இருந்திருந்தா அவரு இன்னைக்கு உசுரோட இருந்திருப்பாரே." அந்த இரண்டாவதற்குத்தான் முதலில் பதில். நீளமான பதில். நீ வந்துபோன பிறகு இதை மற்றவர்களும் படிக்கட்டும் என்று வெளியே கொடுக்கப்போகிறேன். உன் பெயரையும் அந்தக் கம்பனியின் பெயரையும் போடமாட்டேன். உனக்கு இதற்கு மேல் சலுகை காட்ட என்னால் முடியாது.

உன் அப்பாவை ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் யாருக்கும் தெரியாமல் இருக்காது. தோட்டத்து லொறியை ஓட்டினார். அந்த வேலை போனதும் பதுளை ஆஸ்பத்திரிச் சந்தியில் த்ரீவீலர் ஓட்டினார். நான் தோட்டப் பாடசாலையில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். எங்களுக்கு நீ ஒருவன்தான். நீ அதிகம் பேசமாட்டாய், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாய். எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் காலையில் அப்பாவின் வண்டிக்கு அடியில் பிரேக் ஒயில் சொட்டிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாய். டவுனுக்கு இறங்கும் வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. அப்பா வண்டியைத் தேயிலை மேட்டில் கொண்டுபோய் முட்டி நிறுத்தியதால் பிழைத்தார். அன்று சாயங்காலம் அதை அவர் சொன்னபோது, "நான் காலையிலயே பாத்தேன்" என்றாய். ஏன் சொல்லவில்லை என்று நான் கத்தினேன். "நீங்க யாரும் கேக்கலையே" என்றாய். அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. "வக்கீலு மாதிரி பேசுறான் பாரு, கேட்டாத்தான் சொல்லுவானாம்" என்று ஸ்டேண்டில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். நீ கெட்டிக்காரனாக வளர்கிறாய் என்று அவர் நினைத்துக்கொண்டார். நானும்தான்.

நீ பட்டம் வாங்கி, பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் உதவியாளனாகச் சேர்ந்த பிறகு, பழச்சாறுகளிலும் மூலிகைச் சாமான்களிலும் எவ்வளவு அன்டிஒக்சிடன்ட், உடம்பைக் காக்கும் சத்து, இருக்கிறது என்று அளப்பதுதான் உன் வேலை என்று சொன்னாய். அப்பாவுக்கு அந்தச் சொல் வாயில் நுழையவில்லை. "என் மகன் சாறு அளக்கிறான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒரு சனிக்கிழமை எங்கள் இரண்டு பேரையும் அங்கே கூட்டிக்கொண்டு போனாய். அப்பா அயர்ன் பண்ணிய வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், கோயிலுக்குப் போகிற மாதிரி. ஹல்துமுல்லைப் பக்கம் புதிதாகத் தொடங்கிய ஒரு பழச்சாறு கம்பனி அனுப்பிய காமரங்காய்ச் சாறு, குறுக்கே வெட்டினால் நட்சத்திரமாகத் தெரியுமே அந்தப் பழத்தின் சாறு, மேசையில் இருந்தது. அதை வடிகட்டி, நூல் மாதிரி மெல்லிய ஊசியில் எடுத்து, இயந்திரத்துக்குள் செலுத்தினாய். உள்ளே ஒரு உருக்குக் குழாய் இருக்கிறது, அதில் வெள்ளைப் பொடி அடைத்திருக்கிறது, பொடியோடு ஒட்டாதது முதலில் ஓடி வந்துவிடும், ஒட்டிக்கொள்வது தாமதமாக வரும், அப்படித்தான் சாற்றில் கலந்து கிடப்பதைத் தனித்தனியாகப் பிரிக்கிறோம் என்று பொறுமையாகச் சொன்னாய். இதற்குப் பெயர் குரோமட்டோகிராபி என்றாய். திரையில் ஒரு கோடு மலை மலையாக எழுந்து இறங்கியது. இது காலிக் அமிலம், இது எபிகேட்டசின் என்று விரலால் காட்டினாய். "இது நம்ம தேயிலையிலயும் இருக்குப்பா" என்றாய். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

அப்போது அவர் கேட்டார்: "எல்லாத்துக்கும் முந்தி இம்புட்டு ஒசரமா ஒண்ணு வந்துச்சே தம்பி, அது என்னா?" நீ சிரித்தாய். "அது புளிப்பு அசிட்டுப்பா. நாம தேடுறது அது இல்ல. இப்ப பாருங்க" என்று ஏதோ ஒரு விசையை அழுத்தினாய். வேறு ஒளியில் பார்த்தால் அது தெரியாது என்றாய். அதே கோடு மறுபடி வந்தது. முதல் மலை நின்ற இடம் தட்டையாகக் கிடந்தது. மற்ற மலைகள் எல்லாம் அழகாக, பெரிதாக நின்றன. அப்பா சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினார். இதில் பொய் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். உன் தொழிலில் அப்படித்தான் செய்வார்கள், எதைத் தேடுகிறார்களோ அதற்குரிய ஒளியில்தான் பார்ப்பார்கள் என்று பிறகு எனக்கு விளக்கினாய். நான் அதை மறுக்கவில்லை. அந்த முதல் மலை என்ன என்று உனக்கு அன்றைக்கே தெரிந்திருந்ததா என்பது மட்டும்தான் என் கேள்வி. அதற்கும் நீ பிறகு பதில் சொன்னாய். அதற்கு வருகிறேன்.

உன் அறிக்கையை வைத்துக்கொண்டு கம்பனிக்காரர்கள் போத்தலில் பெரிய எழுத்தில் அடித்தார்கள், அன்டிஒக்சிடன்ட் நிறைந்தது, சீனி சேர்க்காதது என்று. தண்ணீர் கலக்காத கெட்டிச் சாறு, கொஞ்சம் வல்லாரையும் சேர்த்தது. சீனி வருத்தக்காரர்களுக்கு, நீரிழிவு இருப்பவர்களுக்கு, நல்லது என்று கடைகளில் சொல்லி விற்றார்கள். உன் அப்பாவுக்குச் சீனி வருத்தம் இருந்தது. மகன் அளந்த சாறு. இதற்கு மேல் அவருக்கு என்ன வேண்டும்? பெட்டி பெட்டியாக எடுத்து வண்டியின் பின்னால் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும் நோயாளிகளிடமெல்லாம், "எம் மகன் மிஷின்ல போட்டுப் பாத்தது, தைரியமா குடிங்க" என்று சொல்லி விற்றார். தானும் தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு பெரிய கிளாஸ் நிறையக் குடித்தார்.

தீபாவளிக்கு நீ வந்திருந்தாய். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அப்பா உன் முன்னால் அந்தக் கிளாஸை எடுத்தார். "பாத்தியா தம்பி, ஒன்னோட சாறு. ஒரு நாளும் வுடுறதில்ல" என்று சொல்லி மடக் மடக்கென்று குடித்தார். உன் கையில் முறுக்கு இருந்தது. கடிக்காமல் வைத்திருந்தாய். அவர் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கொஞ்சம் தண்ணி கலந்து குடிங்கப்பா" என்றாய். அவ்வளவுதான். "தண்ணி கலந்தா அந்தச் சத்து கொறஞ்சிரும்ல?" என்று அவர் கேட்டார். நீ முறுக்கைத் தட்டில் போட்டாய். எழுந்து வெளியே போய்விட்டாய். கூச்சப்படுகிறாய் என்று நான் நினைத்தேன். அப்பன் பெருமை பேசினால் பிள்ளைக்குக் கூச்சமாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாசி பிறப்பதற்குள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாந்தி, முதுகு வலி, கால் வீக்கம். மூத்திரம் போவது குறைந்துவிட்டது. அதைப் பெண்சாதியிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு நாட்களைக் கடத்தினார். செல்வம்தான் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான். ஸ்டேண்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துபவன், அவரைக் கூடப்பிறந்த அண்ணனாக நினைத்தவன். அவனுக்கும் சீனி வருத்தம் உண்டு. அன்றைக்கே டயலிசிஸ் தொடங்கினார்கள். பிறகு சிறுநீரகத்தில் ஊசி போட்டு ஒரு துண்டு எடுத்துப் பார்த்தார்கள். டொக்டர் சிங்களவர், நல்ல மனிதர், தெரிந்த தமிழில் என்னிடம் கேட்டார்: "அம்மா, இவங்க காமரங்கா சாப்பிட்டதா? ஜூஸ் குடிச்சதா?" நான் போத்தலைக் கொண்டுபோய்க் காட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிட்னிக்குள் கண்ணாடித் தூள் மாதிரி உப்பு படிந்திருக்கிறது, இந்தப் பழத்தில் இருக்கும் ஒக்சாலிக் அமிலம் அப்படிச் செய்யும், சீனி வருத்தக்காரர் வெறும் வயிற்றில் கெட்டிச் சாறாகக் குடித்தால் இன்னும் மோசம் என்றார். "இதில எவ்வளவு நல்லது இருக்குன்னு போட்டிருக்கு. எவ்வளவு கெட்டது இருக்குன்னு போடல்ல" என்று சொல்லிவிட்டுப் போத்தலை என் கையில் கொடுத்தார். அளந்தவன் என் மகன் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

வார்ட்டுக்கு வெளியே, கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் உன்னை நிறுத்தி நான் கேட்டது நினைவிருக்கிறதா? எனக்கு ஒரு சொல்கூட மறக்கவில்லை.

"ஒக்சாலிக் அசிட் இருக்குன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"எப்பத்துலருந்து?"

"ரிப்போர்ட் குடுக்கிறதுக்கு முந்தியே. நீங்க பாத்த அந்த மொத மலை, மொத பீக், அதுதான். தனியா அளந்தும் பாத்தேன். அதிகமாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் எழுதல?"

"கம்பனி கேட்டது அன்டிஒக்சிடன்ட் மட்டுந்தாம்மா. அத யாரும் கேக்கல."

உன்னை அடிக்க என் கை எழவில்லை. எழுந்திருக்கலாம். ஒரு நர்ஸ் எங்களைத் தாண்டிப் போனாள். நீ குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்பாகிட்ட சொல்லிறாதீங்கம்மா, தாங்கமாட்டாரு" என்றாய். உன் சிறுநீரகத்தை அவருக்குக் கொடுக்கப்போகிறாய் என்றாய். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை வைத்துக்கொண்டுதான் இப்போது என்னைக் கேள்வி கேட்கிறாய். கேள். ஆனால் நான் ஏன் ஆட்டினேன் என்பதையும் தெரிந்துகொள். உன்மேல் இரக்கப்பட்டு இல்லை. எனக்கு அவர் வேண்டும். அவர் உயிரோடு இருக்க உன் உடம்பில் ஒரு துண்டு தேவைப்பட்டது. அதற்காக உன் முகத்தைப் பார்த்துப் பேசினேன், உனக்குச் சோறு போட்டேன்.

பரிசோதனைகள் எல்லாம் பொருந்தின. கண்டியில் ஒப்பரேஷனுக்குத் தேதியும் கொடுத்தார்கள். அப்பாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்கிறாய். டயலிசிஸ் செய்யும் அறையில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர்களிடமெல்லாம், "எம் மகன் கிட்னி எனக்குள்ள வரப்போவுது, இனி நானும் படிச்சவன்தான்" என்று சொல்லிச் சிரிப்பார். கிட்னி பழுதானவர்கள் பழச்சாறு குடிக்கக்கூடாது என்று மட்டும்தான் நாம் அவரிடம் சொல்லியிருந்தோம். அதை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியாது. வீட்டில் இருந்த போத்தல்களை நான் சாக்கடைக் கானில் ஊற்றிவிட்டேன். அவர் அந்தச் சாற்றைக் கொண்டுவந்து கொடுக்கும் பழைய ஏஜெண்டிடம் சொல்லிப் புதிதாக வாங்கியிருக்கிறார், தனக்கில்லை, மற்றவர்களுக்கு.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் டயலிசிஸ் அறைக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோது வாசலிலேயே அவர் குரல் கேட்டது. ஹாலிஎலயிலிருந்து ஒரு பெண் புருஷனை டயலிசிஸுக்குக் கூட்டிவருவாள். அவளுக்கும் சீனி இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்ததாம். உன் அப்பா அவள் கையில் ஒரு போத்தலைத் திணித்துக்கொண்டிருந்தார். "நான் பிந்திக் குடிக்கத் தொடங்கினேம்மா. அதான் எனக்கு இப்பிடி ஆயிருச்சு. நீங்க இப்பவே குடிங்க. என்னைய மாதிரி வந்து படுத்துறாதீங்க. எம் மகன் அளந்தது." அவள் கும்பிட்டு வாங்கினாள். பின்னால் செல்வம் நின்றுகொண்டிருந்தான். "நான் அண்ணன் சொன்னதுலருந்து ரெண்டு வேளையும் குடிக்கிறேன்க்கா. இப்ப காலு மட்டும் லேசா வீங்குது, வண்டி ஓட்டுறதால" என்றான். நான் அவன் காலைப் பார்த்தேன். செருப்பு வார் சதைக்குள் பதிந்திருந்தது.

இப்போது சொல், தம்பி. நீ கணக்குத் தெரிந்தவன். அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்தப் பெண்ணிடமிருந்து போத்தலைப் பிடுங்கினேன். செல்வத்திடம், அதைத் தொடாதே, போய் இரத்தம் பரிசோதி என்றேன். அப்பா என்னைப் பார்த்தார். "என்ன ஆச்சு ஒனக்கு? எம் மகன் அளந்தத நீ ஏன் புடுங்குற?" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். அவர்களை வெளியே அனுப்பிவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னேன். சாறுதான் உங்கள் கிட்னியைத் தின்றது என்றேன். அவர் நம்பவில்லை. "தம்பி அளந்துச்சே" என்றார். அளந்தான், முதலில் வந்த மலையையும் அளந்தான், அது என்ன என்றும் அவனுக்குத் தெரியும் என்றேன். அவருடைய இரத்தம் குழாயில் வெளியே போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. எழுந்து போக முடியாது. முகத்தைத் திருப்பிக்கொள்ள மட்டும்தான் முடிந்தது. திருப்பிக்கொண்டார். வேறு எப்படியாவது, வேறு எங்கேயாவது சொல்லியிருக்கலாம் என்பாய். சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் இன்னொருவர் கையில் இன்னொரு போத்தலைக் கொடுப்பதற்கு முன் சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் உன்னைக் கூப்பிடச் சொன்னார். நீ வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் உட்கார்ந்தாய். அவர் உன்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான்.

"தீவாளிக்கு நான் ஒன் முன்னால குடிச்சேன்ல. அன்னைக்கு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்ப்பா. ஆனா அந்த அளவு வந்து..."

"நான் அளவ கேக்கல."

"தெரியும்ப்பா."

 பிறகு சாதாரணமாக, சாப்பாடு வேண்டாம் என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்: "நீ குடுத்தத ஒரு தடவ உள்ள வுட்டுட்டேன். இன்னொரு தடவ வுடமாட்டேன். ஒன் கிட்னிய நீயே வச்சுக்க." நீ அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அவர் காலை இழுத்துக்கொண்டார். வீங்கிய கால், இழுக்கவே அவருக்குச் சிரமமாக இருந்தது. ஆனாலும் இழுத்துக்கொண்டார்.

டொக்டர் எவ்வளவோ சொன்னார். நான் கெஞ்சினேன், உன்னைவிட அதிகமாகக் கெஞ்சினேன். என் தாலியைக் காட்டிக்கூடக் கேட்டேன். அதற்கு அவர் சொன்னது உனக்குத் தெரியாது. "நீயும் தெரிஞ்சுக்கிட்டே தானே இத்தன நாளா எனக்குக் கஞ்சி ஊத்துன" என்றார். அதற்குப் பிறகு அவர் என் கையால் ஒரு வாய் வாங்கவில்லை. செல்வம் வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டைத்தான் சாப்பிட்டார். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன், செல்வத்தின் பெண்சாதி ஊட்டுவாள். முப்பது வருஷம் சமைத்துப் போட்டவள் பார்த்துக்கொண்டிருப்பேன். கண்டித் தேதி வந்தது, போனது. ஆவணியில் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. டயலிசிஸுக்கு உடம்பு தாங்கவில்லை. போய்விட்டார்.

சாவு வீட்டில் நீ செய்ததையும் எழுதிவிடுகிறேன். ஒருவேளை மறந்திருப்பாய். உன்னோடு வேலை செய்கிற யாரோ, "அந்தச் சாறுல பிரச்சனைன்னு பேசிக்கிறாங்களே" என்று மெதுவாகக் கேட்டார். நீ, நீர்க்குடத்தைக் கீழே வைத்த கை இன்னும் ஈரமாக இருக்கும்போதே, "ரிப்போர்ட்ல ஒரு தப்பும் இல்ல. அன்டிஒக்சிடன்ட் அளவு கரெக்ட்" என்றாய். நான் பின்னால் நின்று கேட்டேன். தம்பி, உன் அப்பாவின் சாவுக்கு நான் உன்னை மன்னித்திருக்கக்கூடும். இளம் வயது, பயம், பெரிய மனிதர்கள் கேட்ட வேலை, வெளிநாட்டுப் படிப்பு, ஒரு சொல் சொன்னால் எல்லாம் போய்விடும் என்கிற நடுக்கம். இதெல்லாம் எனக்குப் புரிகிறது. அந்த வாக்கியத்தை மன்னிக்க என்னால் முடியவில்லை. முயற்சி செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஆகவே உன் கேள்விக்கு என் பதில்: ஆமாம், நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் இருந்திருப்பார். உன் கிட்னியோடு வீட்டுக்கு வந்து, உன் படத்தை வண்டியில் ஒட்டிக்கொண்டு, இன்னும் எத்தனை பேருக்கோ அந்தப் போத்தலைக் கொடுத்திருப்பார். அவர் இருப்பதற்காக நான் எதையும் செய்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஹாலிஎலப் பெண் கும்பிட்டு வாங்கியதைப் பார்த்தபோது, எதையும் செய்யமாட்டேன் என்று தெரிந்தது. இன்று மறுபடி அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தாலும் சொல்வேன். அவரைச் சாகடித்ததில் எனக்குப் பங்கு இருக்கிறது என்று நீ சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் என் பங்கு வாயைத் திறந்ததால் வந்தது. உன்னுடையது எதனால் வந்தது என்று நீயே எழுதிக்கொள்.

போகிற இடத்திலும் நீ இதே வேலைதான் செய்யப்போகிறாய். செய், நன்றாகச் செய்வாய். அங்கேயும் யாராவது ஒரு போத்தலைக் கொண்டுவந்து, இதில் நல்லது எவ்வளவு என்று கேட்பார்கள். காசு கொடுத்து அறிக்கை வாங்குகிறவன் அந்தச் சாற்றைக் குடிக்கப்போவதில்லை. குடிக்கப்போகிறவர்கள் உன்னிடம் வரவேமாட்டார்கள், கேட்கவும் தெரியாது. அவர்கள் கேட்காத கேள்விக்கும் சேர்த்து எழுது. கல்யாணம் செய்துகொள்வாய். அந்தப் பெண் உன்னிடம் எதையும் கேட்காமல் விட்டால், உனக்கு வசதியாக இருக்கிறதே என்று சந்தோஷப்படாதே. பிள்ளை பிறந்தால் எனக்குச் சொல்லி அனுப்பு. தூக்க வருவேனா என்று இப்போது சொல்லமுடியாது.

இனி உன் முதல் கேள்வி. வா. நான் வராதே என்று சொல்லவில்லை. ஆனால் வருவதற்கு முன் ஒன்று தெரிந்துகொள். உன் அப்பா கடைசிவரை எல்லோரிடமும் அந்தச் சாறு விஷம், குடிக்காதீர்கள் என்று சொன்னார். சுகாதார அலுவலகத்துக்கும் என்னை ஒரு போத்தல் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். ஆனால் உனக்கு முன்பே தெரியும் என்பதை ஒருவரிடமும் சொல்லவில்லை. செல்வத்திடம்கூட. உன் கையைத் தட்டிவிட்டவர், உன் பெயரைக் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறார். அதனால் செல்வம் இன்றைக்கும் என்ன நினைக்கிறான் தெரியுமா? பிள்ளை கிட்னியைத் தூக்கிக் கொடுக்க வந்தான், அண்ணன்தான் வீம்புக்கு வேண்டாம் என்றுவிட்டார் என்று. அவனுடைய சிறுநீரகங்கள் பாதிக்கு மேல் போய்விட்டன. மாதா மாதம் கிளினிக் போகிறான். இன்னும் வண்டி ஓட்டுகிறான். நீ வரப்போவதாக நான் சொன்னதும், "ஸ்டேஷனுக்கு வேற யாரையும் அனுப்பாதீங்கக்கா. அண்ணன் புள்ளய நான்தான் ஏத்திட்டு வருவேன்" என்றான்.

அவன் உன் பெட்டியைத் தூக்க வருவான். தூக்கவிடாதே, அவனுக்கு மூச்சு வாங்குகிறது. பதுளை ஸ்டேஷனிலிருந்து நம் வீட்டுக்கு வருவதற்குள் நீ அவனிடம் சொல்லிவிட வேண்டும். அசிட், பீக் என்றெல்லாம் வேண்டாம், அவனுக்குப் புரிகிற தமிழில் சொல். உன் அப்பாவைப் போல நான் உன்னைக் காப்பாற்றமாட்டேன். அவன் வண்டியை எங்கே நிறுத்துகிறானோ, உன்னை இறக்கிவிடுகிறானோ, இல்லை கடைசிவரை கொண்டுவந்து விடுகிறானோ, அது அவன் இஷ்டம். இறக்கிவிட்டால் நடந்து வா. நான் வாசலில் நிற்பேன். நீ சொல்லாமல் வந்து சேர்ந்தால், அவன் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிடும். உனக்குத் தேநீர் ஊற்றுவதற்கு முன் அவனை உட்காரவைத்து நானே சொல்வேன்.

அம்மா